நடந்த கற்றாழை

கற்றாழை நடக்குமா, நடக்காதா என்பதுதான் வழக்கு. பத்தொன்பது வருஷம் அதை விசாரித்தார்கள்.

முத்தியானியின் நிலத்துக்கும் அவன் தம்பி மசிலாவின் நிலத்துக்கும் நடுவே, அவர்கள் அப்பா சாகுமுன் நட்டுவிட்டுப் போன எல்லை அது. மேட்டிலிருந்து மணலாறு வரை இறங்கும் ஒற்றை வரிசைக் கற்றாழை. அது தன் பக்கம் பதினோரு காலடி தள்ளி வந்துவிட்டதென்று மசிலா சொன்னான். கற்றாழை அப்பா நட்ட இடத்திலேயே நிற்கிறது, தம்பிக்குத்தான் தலை கிறுகிறுக்கிறது என்று முத்தியானி சொன்னான். எங்கள் சரிவில் பதினோரு காலடி என்பது சிரிக்கிற விஷயமில்லை. ஆற்றை ஒட்டிய அந்தத் துண்டில் மட்டும் மழை பொய்த்த வருஷத்திலும் துவரை காய்க்கும்.

டவுன் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் வந்து போனார்கள். முதலாமவர் இருவரையும் பைபிள் மேல் கைவைத்துச் சொல்லச் சொன்னார். இருவரும் சொன்னார்கள். எதிரெதிராகச் சொன்னதால் ஒத்திவைத்தார். அடுத்தவர் நிலத்தை அளந்துவர ஆளனுப்பினார். சர்வேயரின் ஜீப் மணலாற்றில் புதைந்தது. ஊரே கயிறு கட்டி இழுத்தோம். முத்தியானி வீட்டில் கோழி சாப்பிட்டுவிட்டு, இரண்டு பக்க நிலத்தையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படி புத்தி சொல்லி அவர் கிளம்பிப் போனார். 'இடம் மணற்பாங்கானது' என்று அறிக்கை வந்தது. வேளாண்மை அதிகாரி கூண்டேறி, கற்றாழை பக்கக் கன்று விடும், விட்டால் வருஷத்துக்கு அரையடி நகரும் என்றார். முத்தியானியின் வக்கீல் துள்ளி எழுந்து, ஆகவே நடந்தது கற்றாழைதான், என் கட்சிக்காரர் அல்ல என்றார். ஐந்தாமவர் கற்றாழையையே கொண்டுவரச் சொன்னார். ஒன்றைப் பிடுங்கி பஸ் கூரையில் கட்டி எடுத்துப்போனார்கள். சான்றுப்பொருள் என்று சீட்டு ஒட்டி வராந்தா ஓரம் கிடத்தினார்கள். அது அங்கேயே வேர்விட்டது. இப்போது கோர்ட்டு வேலியைத் தாண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து மண்ணில் கன்று விட்டிருக்கிறதாகக் கேள்வி. அதற்கு இன்னும் யாரும் வழக்குப் போடவில்லை.

ஆறாவதாக வந்தவர் இளைஞர். கோப்பின் தடிமனைப் பார்த்ததும் அவருக்கு ஞானம் பிறந்தது. "உங்க மலையில இதுக்கு ஒரு வழி இருக்காமே?" என்று கேட்டார். "ரெண்டு பேரும் சம்மதிச்சா, அதுல என்ன முடிவு வருதோ அதையே நான் எழுதிடறேன்."

அவர் சொன்ன வழி கிதித்து, பொய் சொன்னவனைத் தின்றுவிடும் சத்தியம். எங்கள் மலையில் அந்தப் பெயரைச் சாப்பிடும்போது சொல்லமாட்டோம்.

முத்தியானி அன்று வீடு திரும்பியபோது அவன் மனைவி சியோம்புவா உரலில் மக்காச்சோளம் குத்தித் தோல் நீக்கிக்கொண்டிருந்தாள். மகள் கதுங்கே முறத்தில் புடைத்தாள். அவளுக்கு நாலு மாசம். பிள்ளையின் தகப்பன் நைரோபியில் கட்டட வேலையில் இருந்தான். மழை முடிந்ததும் பரிசத்து ஆடுகளோடு வருவதாகச் சொல்லியிருந்தான்.

முத்தியானி தோளில் மடக்கு நாற்காலி. மொம்பாசா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது வாங்கியது. ஊர்க்கூட்டத்துக்கும் கோர்ட்டுக்கும் அதையும் தூக்கிக்கொண்டுதான் போவான். கோட்டு ஒன்றும் உண்டு. வாய்தா நாளில் மட்டும் போடுவதால் பத்தொன்பது வருஷத்தில் கோட்டு புதிதாகவே இருந்தது, உள்ளே இருந்த ஆள்தான் பழசாகிவிட்டான்.

"முடிஞ்சுது!" என்றான்.

"தீர்ப்பு சொல்லிட்டாங்களாப்பா?" என்று கேட்டாள் கதுங்கே.

"அந்தப் பையன் என்னத்தைச் சொல்றது? மீசைகூட இன்னும் சரியா வரல. கிதித்து அடிக்கப் போறோம். நானும் உன் சித்தப்பனும். வர்ற வாரம், மொட்டைப் பாறையில."

உலக்கை உரல் விளிம்பில் மோதி நழுவியது.

"எதுக்கு கதுங்கே அப்பா அதெல்லாம்?" என்றாள் சியோம்புவா. "கோர்ட்டுதான் ஒத்திவச்சுக்கிட்டே இருக்கே. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"ஏன், உன் புருஷன் பொய் சொல்றான்னு நெனைக்கிறியா?"

"நீங்க பொய் சொல்றீங்கன்னு யாரு சொன்னா?"

"அப்பறம் என்ன? நெருப்பைக் கொண்டாந்தாலும் கைய விடுவேன். இந்த மலையில வேற எவனாவது அப்படிச் சொல்லட்டும் பாப்போம்."

அவன் சொன்னது உண்மை. முத்தியானி வாழ்க்கையில் ஒரு பொய் சொன்னதில்லை. அதை அவனே பலமுறை சொல்லியிருக்கிறான்.

கற்றாழையை நகர்த்தியவள் சியோம்புவா. பெரிய பஞ்சத்து வருஷம், முத்தியானி மொம்பாசாவில் இருந்தான். பணம் வருவதாகச் சொன்ன மாதங்களில் கடிதம் மட்டும் வந்தது. கதுங்கேக்கு இரண்டு வயது, கால்கள் சுள்ளி மாதிரி, அழக்கூடத் தெம்பில்லை. எல்லாரும் தண்ணீருக்காக ஆற்றுக்குள் ஊற்றுத் தோண்டப் போகும் வேளையில், நாலு நாள் காலையில், சியோம்புவா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு இறங்கினாள். தாய்க் கற்றாழைகளை அறுத்துப் போட்டுவிட்டு, கன்றுகளைப் பதினோரு காலடி அந்தப் பக்கம் நட்டாள். அந்தத் துண்டில் வந்த துவரையில்தான் கதுங்கே பிழைத்தாள். முள் ஏறிய தழும்பு இடது உள்ளங்கையில் இருக்கிறது. புருஷன் ஊருக்கு வந்ததும் சொல்லலாம் என்றிருந்தாள். வந்தவன் நிலத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, எங்கப்பா எவ்வளவு நேரா நட்டிருக்காரு!" என்றான். அன்றைக்கு விட்டது விட்டதுதான்.

மொட்டைப் பாறையில் எதுவும் முளைக்காது. கிதித்து வைத்த மண் அதற்கப்புறம் விளையாது என்பதால், முளைக்காத இடமாகப் பார்த்து வைப்பது வழக்கம். கிதித்துக்காரர் தெங்கே இரண்டு மலை தாண்டி பஸ்ஸில் வந்தார். பழைய பால்பவுடர் டின்னைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்கள் இருபது பேர், அவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே வந்தது.

உதவி சீஃப் கிமேயு காக்கித் தொப்பியோடு முன்னால் வந்து, அரசாங்கத்தின் சார்பில் இந்தச் சத்தியத்தைத் தொடங்கிவைப்பதாகப் பேச ஆரம்பித்தார்.

"காத்து உங்க பக்கம் அடிக்குது சீஃப்," என்றார் தெங்கே, சாக்கை அவிழ்த்துக்கொண்டே. "இதுமேல பட்ட காத்து ஆள்மேல படக்கூடாது."

அரசாங்கம் தொப்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடியது. அன்று காற்று நாலு தடவை திரும்பியது. ஊரும் நாலு தடவை பாறையைச் சுற்றியது.

டின்னுக்குள் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஆளுக்கு ஏழு குச்சி. சொல்லுக்கு ஒரு குச்சியால் அதை அடித்து, ஒடித்துப் போடவேண்டும். மசிலா முதலில் வந்தான். மெலிந்த ஆள், பழைய இருமல்காரன். "எங்கப்பா எனக்குக் கொடுத்ததுக்கு மேல ஒரு பிடி மண்ணு கேட்டிருந்தா இது என்னைத் தின்னட்டும்," என்று ஆறு குச்சிக்கும் அதையே சொன்னான். ஏழாவதுக்கு தெங்கே வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "எல்லையைப் பிடுங்கினது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

மசிலா குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இருமலோ என்று நாங்கள் நினைத்தோம்.

"தெரியாது," என்று ஒடித்தான்.

முத்தியானி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தான். ஆறு குச்சியையும் டவுன் வரை கேட்கும்படி ஒடித்தான். தெங்கே கேட்டதற்கு, "யாரும் பிடுங்கல. பிடுங்காததை எப்படித் தெரியும்?" என்றான். ஊர் சிரித்தது. சிரிப்புக் கேட்டதும் அவனுக்கு இன்னும் கொஞ்சம் பேசவேண்டும்போல் ஆகிவிட்டது.

"என்னோட நிக்காது. என் பானையில சாப்பிடற எவனோ எவளோ அந்தக் கத்தாழையை ஒரு விரக்கடை நகர்த்தியிருந்தா, என் வீட்டுல இருக்கறதுலயே சின்ன உசுரை இது எடுத்துக்கட்டும்!"

"அவ்வளவு வேண்டாம்ப்பா. உன்னைப் பத்திச் சொல்லு, போதும்."

"எனக்குப் பயமில்ல."

"பயமில்லாதவங்களாலதான் எனக்குப் பொழப்பு ஓடுது," என்றார் தெங்கே. ஏழாவது குச்சி ஒடிந்தது.

பெண்கள் நின்ற பக்கம் யாரோ, "முத்தியானி வீட்டுல சின்ன உசுருன்னா அந்த நொண்டிச் சேவல்தான், போனா குழம்பு," என்றாள். சியோம்புவாவின் கை தானாகப் போய் மகளின் வயிற்றில் நின்றது.

"கைய எடும்மா," என்றாள் கதுங்கே மெதுவாக. "எல்லாரும் பாக்கறாங்க."

ஏழு மாதம் பொறுக்கவேண்டும். அதற்குள் அது வேலையைக் காட்டிவிடும். அதற்குள் ஒன்றும் நடக்காவிட்டால் இரண்டு பேரும் உத்தமர்கள். அந்த முடிவை மட்டும் எங்கள் ஊர் எதிர்பார்க்கவில்லை. கோர்ட்டு வாய்தாவுக்கு வராதவர்களெல்லாம் இதற்கு நாள் எண்ணினார்கள். இரண்டு வீட்டில் யார் தும்மினாலும் மூன்றாவது வீட்டில் கேட்டது. முத்தியானியின் கழுதை செத்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. கழுதை கிதித்தின் அதிகார வரம்புக்குள் வராது என்று கிமேயு தீர்ப்புச் சொன்னார்.

கழுதை போனதால் சியோம்புவாவே ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள். நெற்றியில் மாட்டிய பட்டையில் தண்ணீர் டின் முதுகுப் பக்கம் தொங்க, குனிந்து மேடேறுவாள். பாதிவழியில் வளைவு ஒன்று உண்டு, அங்கிருந்து வீட்டுச் சத்தம் கேட்கும். மகள் குரல் கேட்கும்வரை அங்கே நிற்பாள். முன்பெல்லாம் நின்றதில்லை.

இரண்டாம் மாதம், ஒரு கோழியை எடுத்துக்கொண்டு தெங்கேயைத் தேடிப் போனாள். அவர் பச்சைப்பயறு உலர்த்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒருத்தர் தெரியாம அடிச்சுட்டா, அதை எடுக்க முடியுமா?"

"முடியும். அடிச்ச ரெண்டு பேரும் வந்து அதே பாறையில நிக்கணும். நடந்ததை நடந்தபடி சொல்லி, ஆட்டை அறுத்துக் கைகழுவணும். ரெண்டு பேரும் வேணும். ஒருத்தர் மட்டும் வந்தா நான் அதை வெளியவே எடுக்கமாட்டேன்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்காகக் கேக்கற தாயி?"

"பக்கத்து ஊர்ல ஒருத்தி."

"அந்தப் பக்கத்து ஊர்க்காரிகிட்ட, வெள்ளன சொல்லிரச் சொல்லு. கோழியை எடுத்துட்டுப் போ."

அன்று சாயங்காலம் முத்தியானி நாற்காலியில் சாய்ந்திருந்தான். சியோம்புவா கால்மாட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

"கதுங்கே அப்பா. ஒருவேளை நம்ம வீட்டு ஆளே யாராவது, பஞ்சத்துல, அந்தக் கத்தாழையை..."

"யாரு? சேவலா?" என்று சிரித்தான். பிறகு சிரிப்பில்லாமல் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பத்தொன்பது வருஷத்துக் கோட்டு, நாற்காலி, வக்கீல் எல்லாம் வரிசையாக நின்றன. அவள் கீரைத் தண்டை ஒடித்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள். நாளைக்கு என்பது ஒரு மாதம் நீண்டது.

மூன்றாம் மாதம் மசிலா படுத்தான். பழைய இருமல்தான், ஆனால் ரத்தம் வந்தது. ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்த வீட்டுப் பக்கம் போகிற பாதையில் புல் முளைத்தது. கிமேயு டவுனுக்கு எழுதினார், கோர்ட்டும் எழுதிவிட்டது. கற்றாழை நிற்கும் இடமே எல்லை. முத்திரை குத்திய காகிதத்தை முத்தியானி சுவரில் மாட்டினான். மாட்டும்போது தம்பியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சோறும் சரியாக இறங்கவில்லை.

அன்று மத்தியானம் கிழக்கே முதல் மேகம் கூடியிருந்தது. சியோம்புவா கம்பங்கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு, புல் முளைத்த பாதையில் போனாள். வாசலில் மசிலாவின் மனைவி காவின்யா துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"வேடிக்கை பாக்க வந்தியா அக்கா?"

"கஞ்சி கொண்டாந்தேன்."

"ஜெயிச்ச வீட்டுக் கஞ்சி." துணியை உதறினாள். "உள்ள போ. ஒருத்தராவது வந்தாங்கன்னு இருக்கட்டும்."

மசிலா இரண்டு மிடறு குடித்தான். "புளிப்புப் பத்தல மதினி," என்றான்.

"அடுத்த தடவ புளிக்கவச்சுக் கொண்டாரேன் தம்பி."

"அடுத்த தடவயா?" கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். "பஞ்சத்து வருஷம் ஊத்து எவ்வளவு ஆழம்னு ஞாபகம் இருக்கா? நான் உள்ள நின்னா வெளிய தலைதான் தெரியும். நின்னுக்கிட்டிருந்தேன். கரைமேல நீ. முதுகில புள்ள. கையில கடப்பாரை."

சியோம்புவா சுரைக்குடுக்கையைக் கீழே வைத்தாள்.

"நாலு நாளும் பாத்தேன்."

"ஏன் தம்பி சொல்லல?"

"எல்லையைப் பிடுங்கின பொம்பளையை என்ன பண்ணுவாங்க? புள்ளைய வாங்கி வச்சுக்கிட்டு அப்பன் வீட்டுக்குத் துரத்துவாங்க. அந்தப் புள்ள அன்னைக்கு இருந்த இருப்புக்கு, நீயில்லாம ரெண்டு நாள் தாங்கியிருக்குமா?"

"அப்ப எதுக்குக் கேஸ் போட்டீங்க?"

"நெலம் வேணும்ல மதினி? எனக்கும் நாலு புள்ளைங்க." அவன் சிரிக்கப் பார்த்தான், இருமலாகிவிட்டது. அவள் வாயைத் துடைத்துவிட்டாள். "கோர்ட்டுனா அளப்பாங்கன்னு நெனச்சேன். யார் பேரும் சொல்லவேண்டாம், அளந்து குடுத்துருவாங்கன்னு. கடைசிவரைக்கும் ஒருத்தனும் அளக்கல."

"பாறையில தெரியாதுன்னு சொன்னீங்களே."

"ஆமா. அண்ணன் சொன்னதெல்லாம் அவன் நம்பினது. அன்னைக்குப் பாறையில விழுந்த பொய் ஒண்ணே ஒண்ணுதான், அது என்னுது. அது சரியாத்தான் ஆளைப் பிடிச்சிருக்கு. அதுக்குக் கண்ணு நல்லா இருக்கு மதினி. மனசு இருக்கான்னுதான் தெரியல."

"நான் இன்னைக்கே சொல்லிடறேன். நீங்களும் அவரும் பாறைக்குப் போயி..."

"பாறையா? நான் வாசலுக்கே போகமுடியல," என்றான். "கட்டில்ல வச்சுத் தூக்கினா வரேன். அண்ணனை ஒரு பக்கம் தூக்கச் சொல்லு."

அவள் ஓடினாள். கோட்டு மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே நின்று, உள்ளங்கைத் தழும்பை நீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். முத்தியானி முழுதும் கேட்டான்.

"அவன் சொல்லிக்கொடுத்தானா?" என்றான்.

"கதுங்கே அப்பா!"

"சாகப்போற நேரத்துல என்னைப் பொய்யனாக்கணும். அதுக்கு உன்னைப் பிடிச்சிருக்கான்."

"அவரைக் கட்டிலோட தூக்கணும். சீக்கிரம் வாங்க."

"நான் பொய்ச் சத்தியம் பண்ணல," என்றான் முத்தியானி. அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கதுங்கே சுவரோரம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள். விடிந்தபோது கீழே காவின்யாவின் அழுகை கேட்டது.

கிதித்து தின்ற உடம்பை வேற்றாள் தொடக்கூடாது. காவின்யாவும் பிள்ளைகளும்தான் குழி தோண்டினார்கள். ஊர் மேட்டில் காற்றுப் பார்த்து நின்று வேடிக்கை பார்த்தது. சியோம்புவா மண்வெட்டியோடு அவர்களுக்கு நடுவே இறங்கி, கழுத்தளவு குழியில் நின்று, நாங்கள் கேட்கும்படி சொன்னாள். கற்றாழையைப் பிடுங்கியது நான். மசிலாவுக்குத் தெரியும். என் பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டார். பொய்யன் வீடு என்று இந்த வீட்டை ஒதுக்காதீர்கள்.

எங்களில் சிலர் பாதத்தைப் பார்த்துக்கொண்டோம். கிமேயுதான் சமாளித்தார். "இதை இப்ப ஏத்துக்க முடியாது," என்று மேட்டிலிருந்து கத்தினார். "ரிப்போர்ட் போயாச்சு!"

காவின்யா குழி விளிம்பில் வந்து நின்றாள்.

"என்கிட்டகூடச் சொல்லல," என்றாள். "பத்தொம்பது வருஷம் என்கூடப் படுத்த மனுஷன், உன் பேரை என்கிட்டகூடச் சொல்லல." அடிப்பாள் என்று நினைத்தோம். "தோண்டு," என்றாள். "இன்னும் ஆழம் வேணும்."

மறுநாள் மழை பிடித்தது. சியோம்புவா கடப்பாரையோடு இறங்கி, எல்லாரும் பார்க்கும் பகலில், கற்றாழைகளைப் பெயர்த்துப் பதினோரு காலடி இந்தப் பக்கம் நட ஆரம்பித்தாள். முத்தியானி மேட்டில் நாற்காலியை விரித்து மழையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு நாள் அப்படியே இருந்தான். மூன்றாம் நாள் ஆளைக் காணோம். கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். சாயங்காலம் கோட்டு நனைந்து தொங்க, தெங்கே வீட்டிலிருந்து திரும்பினான்.

"ரெண்டு பேரும் வரணுமாம்," என்றான். மழையைப் பார்த்துக்கொண்டு மறுபடி சொன்னான். "ரெண்டு பேரும் வேணுமாம், சியோம்புவா. ஒரு நாள் முன்னாடின்னா..."

பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலிமேல் போட்டுவிட்டு, அவள் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினான். மிச்சத்தை நட்டது அவன்தான். நேராக நட்டான்.

ஐந்தாம் மாதக் கடைசியில் கதுங்கேக்கு ஆண்பிள்ளை பிறந்தது. நைரோபிக்காரன் இன்னும் வரவில்லை, ஆடுகளும் வரவில்லை. சியோம்புவா பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துவைத்துப் பார்த்தாள்.

"அம்மா, நீ இப்படிப் பாத்தா அவனுக்குப் பாலு இறங்காது," என்று அழுதாள் கதுங்கே. "போய் வெளிய உக்காரு."

மூன்றாம் நாள் பெயர் வைக்கவேண்டும். என்ன பெயர் வைப்பது என்று யாரும் வாயெடுக்கவில்லை. மத்தியானம் காவின்யா வந்தாள். சாவு நடந்தபின் அந்த வீட்டுப் படியை அவள் மிதித்தது அன்றுதான். பிள்ளையைக் கேட்டு வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரர் பேரை வைங்க," என்றாள்.

முத்தியானி எழுந்து நின்றுவிட்டான்.

"பேர் வாங்கின ஆளுதான் அந்த ஆளு. நம்ம மலையில அப்படித்தானே? இவன் மசிலா. போய்ப் பாறையில நிக்கட்டும். ரெண்டு பேரும் வந்தாச்சுன்னு அந்தக் கிழவன்கிட்டச் சொல்லுங்க."

"அவர் ஒத்துக்குவாரா காவின்யா?" என்று கேட்டாள் சியோம்புவா.

"உன் புள்ளைக்காக எங்க வீட்டு மசிலா ஒரு தடவ நின்னாச்சு. இன்னொரு தடவ நிக்கறதுக்கு என்ன?" பிள்ளையின் தலையைத் தடவினாள். "உனக்காகச் சொல்லல அக்கா. இது என்ன பாவம் பண்ணுச்சு?"

இந்தத் தடவை பாறைக்கு ஊரைக் கூப்பிடவில்லை. தெங்கே சாக்கைத் திறக்காமல் வெகுநேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"இது கோர்ட்டுல செல்லுமா?" என்று கேட்டார்.

"செல்லாதுங்க," என்றான் முத்தியானி. கோட்டு போட்டிருக்கவில்லை.

"அப்ப இங்க செஞ்சு பாக்கலாம்." சாக்கை அவிழ்த்தார்.

சியோம்புவா நடந்ததை நடந்தபடி சொன்னாள். முத்தியானி, "எனக்குத் தெரியாததையும் தெரிஞ்ச மாதிரி அடிச்சுட்டேன்," என்றான். அவன் வாயிலிருந்து வந்த மிகச் சின்னப் பேச்சு அதுதான். ஆட்டை அறுத்தார்கள். பிள்ளையின் கையைக் காவின்யா பிடித்துக் கழுவினாள்.

"போயிருச்சாங்க?" என்று கேட்டாள் சியோம்புவா.

"எனக்கெப்படித் தெரியும்?" தெங்கே டின்னைச் சுற்றிக் கட்டினார். "என் வேலை இதைத் தூக்கிட்டு வர்றது, தூக்கிட்டுப் போறது. அது கேட்டுச்சா கேக்கலையான்னு என்கிட்டச் சொன்னதில்ல. ஏழு மாசம் முடியட்டும்."

அதற்குள் அரசாங்கத்துக்கும் விழிப்பு வந்துவிட்டது. எல்லையைப் பிடுங்கியது யார் என்று பத்தொன்பது வருஷம் கண்டுபிடிக்க முடியாத கோர்ட்டு, கிமேயு எழுதிப்போட்ட மூன்றாவது வாரத்தில் கண்டுபிடித்தது. நீதிமன்றம் நிர்ணயித்த எல்லைக் குறியை நகர்த்திய குற்றத்துக்காக சியோம்புவாவுக்குச் சம்மன் வந்தது.

அதே இளைஞர்தான். இப்போது மீசை வந்திருந்தது. கோர்ட்டில் எங்கள் பேச்சை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு மொழிபெயர்ப்பாளர் உண்டு. நீதிபதி கேட்டதை அவர் எங்கள் பேச்சில் கேட்டார்: "கத்தாழையை நகர்த்தினது நீதானா?"

"ஆமாங்க. ரெண்டு தடவ."

நீதிபதி பேனாவை நிறுத்தினார். "சம்மன்ல ஒண்ணுதானே இருக்கு?"

"மொதல்ல நகர்த்தினதுதாங்க தப்பு. இது திருப்பி வச்சது. தப்புக்குத் தண்டனை குடுங்க. எவ்வளவு குடுத்தாலும் வாங்கிக்கறேன். இங்கயே வாங்கிக்கறேன்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். தப்பு இருந்தது முடித்துவைத்த கோப்பில், அதைத் திறக்க வழியில்லை. திறந்திருந்த கோப்பில் இருந்ததோ தப்பைச் சரிசெய்தது. கொஞ்சநேரம் தாடையைத் தடவினார். "ரெண்டு இடத்தையும் அளந்து பார்த்தால்தான் தெரியும்," என்றார். "சர்வேயர் போய் அளந்து வரட்டும். ஏப்ரலுக்கு ஒத்திவைக்கிறேன்."

சியோம்புவாவுக்கு மசிலாவின் சிரிப்பும் இருமலும் ஒருசேரக் காதில் கேட்டன.

"ஏப்ரலாங்க? அதுக்குள்ள ஏழு மாசம் முடிஞ்சிருமே. அதுக்கப்பறம் யாரு இருப்பா, யாரு இருக்கமாட்டா..."

நீதிபதி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அந்த ஆள் எங்கள் பக்கத்து மலை. சியோம்புவாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில், "வருவதாகச் சொல்கிறாள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பஸ்ஸை விட்டு இறங்கி, மணலாற்றைக் கடந்து, அவள் மேடேறினாள். மழைக்குப் பிறகு துவரை பூத்திருந்தது, காவின்யா பக்கத்தில். வளைவுக்கு வந்ததும் நின்றாள். ஏழாம் மாதம் முடிய இன்னும் பதினெட்டு நாள்.

உலக்கைச் சத்தம் கேட்டது. ஆட்டு மணி கேட்டது. முத்தியானி யாருக்கோ ஏதோ தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. உலக்கை நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காற்று அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் திரும்பியது.

அப்புறம் வந்தது, மெல்லிசாக, பசியோடு, யார்மேலோ புகார் சொல்கிற மாதிரி ஒரு அழுகை.

"அழு தம்பி," என்றாள் சியோம்புவா. கால் தானாக நடக்க ஆரம்பித்தது. "நல்லா அழு."